குரங்கு கிட்னி கெட்டுப்போச்சாம், என் மாத்திரையை நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க. கல்லீரலைத் தாக்கற ஹெபடைட்டிஸ் பி-க்கு மூணு வருஷமா டெனோஃபோவிர் 300 மில்லிகிராம் மாத்திரை போட்டு வைரஸை அடக்கி வச்சிருக்கீங்க, அதை நீங்களா திடீர்னு விட்டா அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி கிளம்பும், அப்படி விட்டுட்டு கல்லீரல் பழுதாகி ஐசியூவுக்கு வந்தவங்க இருக்காங்க.

டெனோஃபோவிர் குடுத்த குரங்குகளுக்கு கிட்னி கெட்டுச்சுன்னு நீங்க வாட்ஸ்அப்ல படிச்சது பொய் இல்ல. இந்த மருந்தை நாலு வகை மிருகங்களுக்கு குடுத்துப் பார்த்தப்போ கிட்னி பாதிப்பு வந்துச்சு, குரங்குகளுக்கு எலும்பு வலு குறைஞ்சுது, எல்லாம் பதிவானதுதான். ஆனா கிட்னி கெட்டப்போ அதுங்க ரத்தத்துல இருந்த மருந்து அளவு மனுஷங்களுக்கு இருக்கறதைவிட 2-லேர்ந்து 20 மடங்கு, எலும்பு பாதிப்புக்கு 6 மடங்கும் அதுக்கு மேலயும். டோஸைக் குறைச்சதும் குரங்கோட எலும்பு தேறவும் செஞ்சுது, வாட்ஸ்அப்ல வர்றப்போ இந்த வரி மட்டும் காணாம போயிடுது. 2 மடங்குங்கறது ரொம்ப பெரிய இடைவெளி இல்லதான், அதனாலதான் வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கச் சொல்றோம்.

ராத்திரி ஒரு தடவை யூரின் போக எழுந்திரிக்கிறது, காலையில மஞ்சளா வந்து தண்ணி குடிச்சதும் தெளியறது, இதுக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. யூரின் நுரையா வர்றதைப் பத்தி கேட்டீங்க, யூரின்ல ப்ரோட்டீன் பார்த்தா தெரிஞ்சிடும்.

எனக்கு கவலை நீங்க எழுதினதுல இருக்கற கடைசி வரிதான். "கால் வலிக்கு மெடிக்கல்ல குடுத்த டைக்ளோஃபெனாக் ஆறு மாசமா போடறேன்"னு ஏதோ டீ குடிக்கற மாதிரி எழுதிட்டீங்களே! குரங்குக்கு பயப்படறவர் இதுக்கு பயப்படலையா? டெனோஃபோவிர் கிட்னியில வடிகட்டின உப்பையும் சர்க்கரையையும் திரும்ப உறிஞ்சற குழாய் செல்லுக்குள்ள போய் சேருது, வலி மாத்திரை அதே கிட்னிக்கு போற ரத்த ஓட்டத்தைக் குறைக்குது, ரெண்டையும் சேர்த்துப் போட்டு திடீர்னு கிட்னி செயலிழந்த கேஸ்கள் பதிவாகியிருக்கு. இன்னிக்கே டைக்ளோஃபெனாக்கை விடுங்க. தாங்கலைன்னா பாரசிட்டமால் 500, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேணாம்.

இன்னொண்ணு, அந்த வலி எங்க இருக்குன்னு நீங்க எழுதவே இல்ல. முட்டி மூட்டுல மட்டும்னா அது வேற. தொடை, இடுப்பு, விலா, குதிகால்னு எலும்புக்குள்ளயே வலிச்சு, மாடிப்படி ஏறவோ தரையில இருந்து எழுந்திரிக்கவோ தொடையில பலம் இல்லாத மாதிரி இருந்தா ஒரு வாரம் கூட தள்ளிப்போடாதீங்க. கிட்னியோட அந்த குழாய் செல் கெட்டா எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்ங்கற உப்பு யூரின்ல ஒழுகிப் போகும், எலும்பு வலு இழக்கும், குரங்குக்கு நடந்ததும் இதேதான். இந்த கட்டத்துல கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கற ரத்த டெஸ்ட், நார்மலாவே இருக்கலாம், நாலு மாசம் முன்னாடி நார்மல்னு நீங்க நிம்மதியா இருக்கறது அதனாலதான் எனக்கு போதல. ஆறு மாசமா வலி மாத்திரை போட்டு, காட்டிக்குடுக்க வேண்டிய வலியையே அமுக்கிட்டு இருந்திருக்கீங்களோன்னு பயமா இருக்கு.

கிரியாட்டினின், ரத்தத்துல பாஸ்பேட், யூரின்ல ப்ரோட்டீனும் சர்க்கரையும், கூடவே ரத்த சர்க்கரை, இவ்வளவும் இந்த வாரமே பாருங்க. ரத்தத்துல சர்க்கரை சரியா இருந்து யூரின்ல மட்டும் வந்தா அது இந்த குழாய் பாதிப்போட அடையாளம், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை போடறவங்களுக்கு மட்டும் இந்த கணக்கு பொருந்தாது, அவங்களுக்கு எப்பவும் வரும்.

ரிப்போர்ட் சரியில்லன்னாலும் வழி இருக்கு. டெனோஃபோவிர் அலாஃபெனமைடுன்னு 25 மில்லிகிராம் மாத்திரை இருக்கு, அதுல ரத்தத்துல சுத்தற டெனோஃபோவிர் நீங்க இப்போ போடறதைவிட கிட்டத்தட்ட 90 சதவீதம் கம்மி, என்டெகாவிர்னு வேற ஹெபடைட்டிஸ் பி மருந்தும் இருக்கு. எதுக்கு மாத்தறதுன்னு உங்க லிவர் டாக்டர் முடிவு பண்ணட்டும், மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்காதீங்க. அவர்கிட்ட போறப்போ அந்த டைக்ளோஃபெனாக் அட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போய் காட்டுங்க.