பண்ணை வீடு: கேள்வி – பதில்

கேள்வி: மீஞ்சூர் தாண்டி ஒன்றரை ஏக்கர் இருக்கிறது; சுற்றிலும் வயலும் பனையும். அமெரிக்க ‘ரான்ச்’ வீடு மாதிரி நீளமாக, தணிவாக, நிலத்தோடு ஒட்டினாற்போல் கட்ட ஆசை. கொத்தனாரோ வெள்ளம் வரும், பேஸ்மென்ட்டை மூன்றடி தூக்கணும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, மாதவரம்

பதில்: கொத்தனார் சொல்வதை. 1930-களில் கலிபோர்னியாவில் வீட்டு வடிவமைப்பாளர் கிளிஃப் மே தரையோடு தரையாகக் கட்டிய ‘ரான்ச்’ வீடுகள் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் எடுபடாது. அக்கம்பக்கத்து மோட்டார் ரூம் சுவர்களில் 2015, 2023 டிசம்பர் வெள்ளம் எதுவரை நின்றது என்று கேட்டுக் குறித்து, அதற்கு ஓரடி மேலே வீட்டுத் தரைமட்டத்தை வையுங்கள்.

மூன்றடிச் சுவர் மொட்டையாக நிற்பதுதான் கண்ணை உறுத்துகிறது. அதை மண் சரிவால் மறைக்கலாம். ஓரடி உயரத்துக்கு நாலடி நீளம் என்று சரித்து வெட்டிவேர் நடுங்கள். சரிவு மண் வீட்டுத் தரைமட்டத்துக்கு முக்கால் அடி கீழேயே நிற்கட்டும். மேலே ஏறினால் சுவரில் ஓதம் பிடிக்கும், கரையானுக்கும் வழி கிடைத்துவிடும்.

40×30 அடி வீட்டுக்கு பேஸ்மென்ட் உள்நிரப்பு மண் 3,600 கன அடி, சரிவுக்குச் சுமார் 1,600. லாரி மண் வாங்காமல் குளம் தோண்டிவிடுங்கள். மேலே 50×30, அடியில் 40×20, ஆழம் 5 அடி என்றால் சுமார் 5,670 கன அடி மண் வரும். திமிசு போட்டு இறுக்கியதும் பத்தில் ஒரு பங்கு குறைந்து ஏறக்குறைய சரியாகும். களிமண் வந்தால் சரிவுக்கு மட்டும் போடுங்கள். தரைக்கடியில் போட்டால் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, டைல்ஸ் வெடிக்கும். குளத்தையும் வீட்டையும் வயல்நீர் வடியும் வழியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கூரைக்கு மங்களூர் ஓடு, சாய்வு 30 டிகிரி. பளபளக்கும் நீலத் தகடு போட்டால் ரோட்டிலிருந்தே தனியாகத் தெரியும், உப்புக்காற்றில் ஆணிப் பொத்தலைச் சுற்றித் துருவும் பிடிக்கும். தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையின் நீட்சியாக இழுக்காமல், தனிச் சட்டத்தில் ஓரடி தாழ்த்திக் கட்டுங்கள். புயல் தாழ்வாரத்துக்குள் புகுந்து தூக்கினாலும் அதோடு போகும், வீட்டுக்கூரை தப்பிக்கும்.

இன்னொன்று, மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருக்கிறது. போர் தண்ணீரைக் கொடுத்துச் சோதியுங்கள். குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஆகாது, க்யூரிங்குக்கும் (பூசிய காங்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும்) கூடாது. செலவானாலும் நல்ல தண்ணீர் லாரி வையுங்கள். இல்லையேல் சில வருஷத்திலேயே கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயரும்.

கேள்வி: நாலு மாட்டுக்குக் கொட்டகை. வாடை வீட்டுக்கு வராமல் எந்தப் பக்கம் போடலாம்?
– வாசகர், மணலி

பதில்: வடமேற்கு மூலை, வீட்டிலிருந்து 60 அடியாவது தள்ளி. சாயங்காலக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருவதால் வாடை அந்தப் பக்கமாகவே போய்விடும். ஆனி, ஆடி மேல்காற்றில் கொஞ்சம் வரத்தான் செய்யும். மாடு ஒன்றுக்கு நாலடி அகலம், ஆறடி நீளம். தரை 50 அடிக்கு ஓரடி வாட்டம், கடைசியில் ஓரடிக் கால்வாய். தரையை வழவழவென்று பூசாதீர்கள், மாடு வழுக்கி விழும். ஈரம் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துவிடச் சொல்லுங்கள்.