லிப்ஸ் ஃபோல்டர் முழுவதையும் கிரேடிலில் ஒரே வரியில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: கிரேடில் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் எங்கள் ஜாவா ப்ராஜெக்ட்டின் லிப்ஸ் ஃபோல்டரில் முப்பதுக்கும் மேற்பட்ட ஜார் கோப்புகள் (தொகுத்து வைத்த ஜாவா லைப்ரரிகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பில்ட் ஸ்கிரிப்ட்டில் தனி வரி எழுதி வருகிறோம். மொத்தமாகச் சேர்க்க ஃபைல்ஸ்('லிப்ஸ்') என்று கொடுத்தேன். பேக்கேஜ் இல்லை என்கிறது கம்பைலர். என்ன செய்வது?

பதில்: ஃபைல்ஸ், நீங்கள் கொடுத்த பாதையை அப்படியே கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) போட்டுவிடும். அங்கே ஒரு ஃபோல்டர் இருந்தால் ஜாவா அதற்குள் கிளாஸ் கோப்புகளைத்தான் தேடும், ஜார்களைத் திறந்து பார்க்காது. உங்களுக்கு வேண்டியது ஃபைல்ட்ரீ. க்ரூவி மொழியில் எழுதும் ஸ்கிரிப்ட் என்றால், டிபென்டன்சீஸ் பகுதியில் இந்த ஒரு வரி போதும் (அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்):

இம்ப்ளிமென்டேஷன் ஃபைல்ட்ரீ(டிர்: 'லிப்ஸ்', இன்க்ளூட்: ['*.ஜார்'])

உள்ஃபோல்டர்களிலும் ஜார்கள் இருந்தால் '**/*.ஜார்' என்று மாற்றுங்கள். பழைய உதாரணங்களில் இம்ப்ளிமென்டேஷனுக்குப் பதில் கம்பைல் என்று இருக்கும். கிரேடில் 7-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

இந்த வரியில் ஒரு சிக்கல் உண்டு. ஃபோல்டர் பெயர் தவறாக இருந்தாலும் கிரேடில் பிழை காட்டாது, காலியாக எடுத்துக்கொண்டு போய்விடும். பாதை அந்தந்த மாட்யூலின் ஃபோல்டரிலிருந்து கணக்காகும் என்பதால், பல மாட்யூல்கள் உள்ள ப்ராஜெக்ட்டில் இது அடிக்கடி நடக்கும். உங்கள் கணினியில் ஓடி, பில்ட் சர்வரில் மட்டும் தோற்றால் கிட்இக்னோர் கோப்பைப் பாருங்கள்; கிட்டில் சேர்க்காமல் ஒதுக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல் அது. ஜாவாவுக்கான கிட்ஹப்பின் மாதிரிக் கோப்பிலேயே ஜார்களை ஒதுக்கும் வரி இருக்கிறது.

சரி, வரி ஓடிவிட்டது. ஆனால் முப்பது ஜார்களையும் இப்படியே விட்டுவிடாதீர்கள். மேவன் சென்ட்ரல் என்ற பொது ஜாவா லைப்ரரிக் களஞ்சியத்திலிருந்து வரும் லைப்ரரியின் பெயரும் பதிப்பும் கிரேடிலுக்குத் தெரியும். அது சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளையும் தானே கொண்டுவரும்; இரண்டு பதிப்புகள் மோதினால் வழக்கமாகப் புதியதை வைத்துக்கொள்ளும். ஃபோல்டரிலிருந்து வரும் ஜார் அதற்கு வெறும் கோப்புதான். ஒரே லைப்ரரியின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் உள்ளே கிடந்தால் இரண்டும் கிளாஸ்பாத்துக்குப் போகும். எது முதலில் நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஃபைல்ட்ரீ தரும் வரிசை ஒரே கணினியில்கூட நிலையானதல்ல என்று கிரேடில் ஆவணமே சொல்கிறது. கம்பைல் சரியாகி, ஓடும்போது மட்டும் நோசச்மெத்தட்எரர் (அழைத்த மெத்தட் இல்லை என்ற பிழை) வருவதற்கு இது முக்கியமான காரணம். நீங்களே ஒரு லைப்ரரியை மேவனுக்கு வெளியிடுகிறீர்கள் என்றால் இன்னொன்று: லைப்ரரி சார்ந்திருப்பவற்றைப் பட்டியலிடும் பாம் கோப்பில் இந்த ஜார்கள் இடம்பெறாது.

அதனால் மேவன் சென்ட்ரலில் கிடைப்பவற்றை வழக்கமான டிபென்டன்சி வரிகளாக மாற்றி, அந்த ஜார்களை ஃபோல்டரிலிருந்து அழித்துவிடுங்கள். வேறெங்கும் கிடைக்காதவை மட்டும் லிப்ஸில் இருக்கட்டும். அப்புறமும் எந்த ஜாரிலிருந்து கிளாஸ் ஏறுகிறது என்று சந்தேகம் வந்தால், ஜாவாவை -வெர்போஸ்:கிளாஸ் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் அது வந்த கோப்பின் பாதையைக் காட்டும்.