நாற்பது நொடியும் ஒரு பக்க ஒப்பந்தமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் மூன்று ஆண்டுகளுக்கு முன் சொந்தச் செலவில் ஒரு பாடலைப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிட்டோம். மெட்டு என்னுடையது, வரிகளை ஒரு நண்பன் எழுதினான், இன்னொருவன் கிட்டார் வாசித்தான். நாகஸ்வரத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஒரு கலைஞரை ஒருநாள் சம்பளத்துக்கு வரவழைத்தோம். இப்போது ஒரு வெப் சீரிஸ் நிறுவனம் ஒரு காட்சிக்கு அதில் 40 நொடி கேட்கிறது. 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். வெளிநாட்டில் வீடியோ கேம் செய்யும் சிறு குழு ஒன்றும் அதே பாடலைக் கேட்டு எழுதியிருக்கிறது. எவ்வளவு கேட்கலாம் என்று சொல்ல முடியுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நீங்கள் இணைத்திருந்த பக்கத்தைப் படித்தேன். தொகையைப் பற்றிப் பிறகு பேசுவோம். அதன் மூன்றாம் பத்தியில், "உலகெங்கும், நிரந்தரமாக, இப்போதுள்ள மற்றும் இனி வரக்கூடிய எல்லா ஊடகங்களிலும் சகல உரிமைகளையும் ஒப்படைக்கிறோம்" என்று இருக்கிறது. வாயால் கேட்டது ஓர் அறையை வாடகைக்கு. காகிதத்தில் கேட்பது வீட்டுப் பத்திரத்தை.

இப்படி ஒரு வாக்கியத்தின் கீழே நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசைக்காக. தயாரிப்பு அலுவலகத்தில் மேலாளர் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டிவிட்டு, பேனாவையும் அவரே நீட்டினார். சில ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசி என் மெட்டில் ஒலித்தது. விசாரிக்கப் போனேன். கோப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, ஸ்டாம்பின் மேல் பாதியும் கீழே பாதியுமாகக் கிடந்த என் கையெழுத்தைக் காட்டினார்கள்.

அன்றைக்கு இல்லாத சில பாதுகாப்புகள் இன்று உங்களுக்கு இருக்கின்றன. திரைப்பாடலின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளரையே சேரும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் 35 ஆண்டுகள் காத்திருந்து பெற்றது 2012-இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம்: படத்தோடு சேர்ந்து திரையரங்கில் ஒலிப்பதைத் தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் அவர்களுக்குள்ள சமபங்கை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அது சொல்கிறது. உரிமையை மாற்றிக்கொடுக்கும் நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஓர் ஊடகத்தை, அதைக் குறிப்பாகப் பெயர் சொல்லாமல் யாரும் வளைத்துப் போட முடியாது என்றும் சொல்கிறது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்பது பழைய விதி. ஆனால் உங்கள் காகிதம் இரண்டையும் குறிப்பிட்டுவிட்டது. "நிரந்தரம்" என்று எழுதியபின் அந்த விதி உதவிக்கு வராது. ஆகவே சட்டத்தை நம்பிக் கையெழுத்திட வேண்டாம், வாக்கியத்தை மாற்றக் கேளுங்கள். "ஒப்படைக்கிறோம்" என்பதை "உரிமம் அளிக்கிறோம்" என்று மாற்றி, இந்தத் தொடரின் இந்த எபிசோடுக்கு, இத்தனை ஆண்டுக்கு, பிறருக்கும் கொடுக்கும் உரிமையை எங்களிடமே வைத்துக்கொண்டு என்று எழுதுங்கள். டீசரிலும் விளம்பரத்திலும் பயன்படுத்தினால் அதற்குத் தனித்தொகை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த மூன்றாம் பத்தியை அவர்களும் படித்திருக்கமாட்டார்கள். ஏதோ பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியதாகத்தான் இருக்கும்.

அதற்கு முன், கொடுப்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, இரண்டையும் தாங்கிய ஒலிப்பதிவு. ஒலிப்பதிவைத்தான் தொழிலில் மாஸ்டர் என்கிறோம். காட்சியோடு பாட்டைச் சேர்ப்பதற்கான சிங்க் உரிமம் வரிக்கும் மெட்டுக்கும் தனி, மாஸ்டருக்குத் தனி. பெரிய லேபிள்களின், அதாவது இசை நிறுவனங்களின், பாட்டுக்கு இரண்டு மூன்று இடங்களில் கதவைத் தட்ட வேண்டும். உங்களைப் போன்ற சுயாதீனக் கலைஞர்களைத் தேடி வருவதற்குப் பாதிக் காரணம், எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் ஒரே மின்னஞ்சலில் பதில் கிடைக்கும் என்பதுதான். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் நீங்கள் மூவரும் உங்களுக்குள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை என்றால் அந்த வசதி உங்களிடம் இல்லை. யாருக்கு எத்தனை விழுக்காடு, யார் கையெழுத்திடலாம் என்று அரைப்பக்கம் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள்.

பாடலை இணையத் தளங்களுக்கு அனுப்பி வெளியிட்ட டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். வீடியோக்களில் ஒலிக்கும் பாடல்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பாடல் சேர்க்கப்பட்டிருந்தால், எபிசோடின் துண்டு வெளியான சில நிமிடங்களில் அதன்மீது உங்கள் பெயரில் உரிமைக்கோரல் விழும். இரவு பதினொன்றுக்குத் தயாரிப்பு மேலாளர் போனில் கத்துவார். அவர்களுடைய சேனலுக்கு முன்கூட்டியே விலக்குக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேம் விஷயம் வேறு. தொடர் ஒளிபரப்பாகும்போது, நீங்களும் பாடலாசிரியரும் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகி, தயாரிப்பாளரும் எந்தப் பாடல் எங்கே எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று பட்டியலிடும் க்யூ ஷீட்டில் உங்கள் பாடலை ஒழுங்காகக் குறித்திருந்தால், பின்னால் சிறிதாவது ராயல்டி வர வழியுண்டு. கேமை ஒருவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து ஆடுகிறார். அங்கே ஒளிபரப்பும் இல்லை, க்யூ ஷீட்டும் இல்லை. முதலில் வாங்குவதே பெரும்பாலும் முழுத்தொகை. 2024-இல் பிரிட்டனின் ஹெவன் 17 இசைக்குழுவைச் சேர்ந்த மார்ட்டின் வேர், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையின் புதிய கேமுக்குத் தன் பழைய பாடலைக் கேட்டு, வருங்கால ராயல்டி எதுவும் இல்லாமல் 7,500 டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்றும் தான் மறுத்துவிட்டதாகவும் வெளிப்படையாக எழுதினார். அவர் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன், அந்த கேமின் அளவு அப்படி. உங்களிடம் கேட்பது நாலைந்து பேர் கொண்ட குழு. அவர்களிடம் அந்தக் கோபம் பொருந்தாது. நியாயமான முன்தொகையும், இத்தனை பிரதிக்கு மேல் விற்றால் இன்னொரு தொகையும் என்று கேளுங்கள்.

கால அளவில் மட்டும் கேமுக்குத் தாராளமாக இருங்கள். தொடருக்குச் சொன்னதற்கு நேர்மாறாகத் தோன்றும், காரணம் இருக்கிறது. இசை உரிமங்கள் காலாவதியானதால் ஆலன் வேக் என்ற கேமை 2017-இல் விற்பனையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுதான் திரும்பி வந்தது. 2008-இல் வெளியான கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4-இலிருந்து, பத்து ஆண்டு முடிந்ததும் பல பாடல்களை நீக்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் பிரதியிலிருந்தும் அவை போயின. ஆகவே இந்த ஒரு கேமுக்கும், வேறு கருவிகளில் ஓடுவதற்காக அதையே மாற்றி அமைக்கும் பதிப்புகளுக்கும் காலவரையின்றிக் கொடுங்கள், இரண்டாம் பாகத்துக்குக் கூடாது. ஆடுவதை நேரலையில் காட்டுபவர்களின் வீடியோவை உங்கள் பாடல் முடக்காது என்றும் எழுதிக் கொடுத்தால் அவர்கள் மகிழ்வார்கள்.

தொகை: இதற்கு விலைப்பட்டியல் கிடையாது. மேலே சொன்னபடி காகிதம் மாறினால், ஐந்து ஆண்டுக்கு, 40 நொடிக்கு, உங்கள் நிலையில் நான் 25,000-க்குச் சம்மதிப்பேன். மாறாவிட்டால் இரண்டு லட்சத்துக்கும் சம்மதிக்கமாட்டேன்.

பாடலை நேற்றிரவு கேட்டேன். அவர்கள் கேட்கும் 40 நொடி 1:52-இல் தொடங்குகிறது. அதில் பாதிக்குமேல் நாகஸ்வரம்தான். சட்டப்படி அவரும் நிகழ்த்துகலைஞர், வணிகப் பயன்பாட்டில் அவருக்கும் ராயல்டி உரிமை உண்டு, வாசித்தவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும் உண்டு. அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியதாகக் கடிதத்தில் இல்லை. பாடலின் கீழுள்ள விவரத்தில் உங்கள் மூவரின் பெயரும் இருக்கிறது, ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரும் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. முதலில் அதைச் சேருங்கள். பிறகு ஒப்புதல் கடிதத்தையும் அவருக்கான பங்கையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்க வேண்டாம்.