முதலில் சூடு, அப்புறம் பால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சினை மாடுகளைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்வது பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். எங்களுக்குக் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் மாமனார் வழியில் வந்த கொஞ்சம் நிலம் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். ஒரு ஜெர்சி கலப்பு மாடு, ஏழு ஆடுகள். நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். ஆடு மாடெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பழகியதுதான்.

தை மாதம் உறைபனி விழுந்த ஒரு ராத்திரியில் ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று தானே எழுந்து குடித்துவிட்டது. இன்னொன்று, காலையில் போய்ப் பார்த்தபோது ஈரம்கூடக் காயாமல் சில்லிட்டுக் கிடந்தது. அடுப்படிக்குத் தூக்கி வந்து, பாலை வெதுவெதுப்பாக்கி, சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். மூக்கில் நுரை வந்தது. மதியத்துக்குள் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "நோஞ்சானையெல்லாம் விட்டுரணும்மா, அதுக்கு மெனக்கெட்டா மத்ததைப் பாக்க முடியாது" என்றார். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் "பால் குடிச்சும் ஏம்மா செத்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அடுத்த மாதம் மாடு கன்று போடும். நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுகிற வரை கன்றை மடியில் விடக் கூடாது என்கிறார் அதே பெரியவர். அவர் பேச்சைக் கேட்பதா? நோஞ்சான்களைக் காப்பாற்றப் பார்ப்பது வீண் வேலைதானா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

கடிதத்தில் உங்கள் மகளின் கேள்விதான் சரியான கேள்வி. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், விழுங்க முடியாத நிலையில் இருந்த குட்டிக்குப் பால் புரை ஏறியிருக்கிறது.

ஆட்டின் உடல் சூடு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். நம்மைவிட அதிகம். பிறந்த குட்டியின் சூடு 99க்குக் கீழே போய்விட்டால் அதற்குச் சப்பவும் விழுங்கவும் வராது. வாயில் விட்ட பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போகும். மூக்கில் வந்த நுரை அதன் அடையாளம். தப்பித்தவறி வயிற்றுக்குப் போனாலும், குளிர்ந்த குடல் வேலை செய்யாது. பால் செரிக்காமல் கிடந்து வயிறு உப்பும். நீங்கள் செய்ததைத்தான் அந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் செய்திருப்பார்கள். நமக்குப் பிரியம் என்றால் முதலில் கை போவது எதிரில் இருப்பவர் வாய்க்குத்தான். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் வேறு பேச்சு எடுக்கத் தெரியாத கூட்டம் நாம். தொழுவத்துக்குப் போனாலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை.

இனி இப்படி ஒரு குட்டி கிடந்தால், கையைக் கழுவிவிட்டு அதன் வாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் சில்லென்று இருந்தால் பாலை அடுப்பிலேயே வைத்துவிடுங்கள். முதலில் குட்டியை நன்றாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். ஈரம் காயாத குட்டியைச் சாக்கில் சுற்றி வைத்துப் பிரயோஜனமில்லை. அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். அப்புறம் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி இரண்டு பக்கமும் அணைத்து வையுங்கள். அடுப்பை ஒட்டிப் போடாதீர்கள். நகர முடியாத குட்டிக்குத் தோல் வெந்தாலும் விலகத் தெரியாது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, கொட்டகைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்து, 100ஐத் தாண்டிய பிறகு, தலையைத் தூக்கிச் சப்ப ஆரம்பித்த பிறகு, சீம்பால், அதாவது ஈன்றதும் சுரக்கும் முதல் பால். இரண்டு கிலோக் குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி போதும். குட்டி நின்றோ நெஞ்சை ஊன்றிப் படுத்தோ குடிக்க வேண்டும். குழந்தையைப் போல மடியில் மல்லாத்திப் போட்டுக் கொடுத்தால் மறுபடியும் புரைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறந்து ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் பால் குடிக்காமல் கிடந்த குட்டி, கருவிலிருந்து கொண்டுவந்த கொழுப்பையெல்லாம் எரித்துத் தீர்த்திருக்கும். ரத்தத்தில் சர்க்கரை இருக்காது. அதை அப்படியே சூடாக்கினால் வலிப்பு வந்து போய்விடலாம். கால்நடை மருத்துவர் வயிற்றில் குளுக்கோஸ் ஊசி போட்டுவிட்டுத்தான் சூடேற்றுவார். அதிகாலையில் மருத்துவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மலையில் அது நியாயமான கேள்வி. அவர் வருகிற வரை ஈறில் குளுக்கோஸ் கரைசலை விரலால் தடவிக்கொண்டிருக்கலாம். தடவத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. வெளிப்பனியில் கிடந்து விடிந்த பிறகு கண்ணில் படுகிற குட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அதனால் உங்கள் குட்டி சரியாகச் செய்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. மகளிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெரியவரின் நோஞ்சான் பேச்சுக்கு வருகிறேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பெரிய பட்டி வைத்திருப்பவர் இருக்கிற இரண்டு கையை எதற்குக் கொடுப்பது என்று தினமும் கணக்குப் போட்டாக வேண்டும். ஆனால் குளிர்ந்த குட்டி வேறு, நோஞ்சான் குட்டி வேறு. மேலண்ணம் பிளந்து பிறந்தது, ஆசனவாய் திறக்காமல் பிறந்தது, பிறந்ததிலிருந்தே தலை நிற்காதது, இவற்றுக்கு வீட்டில் செய்ய நமக்கு எதுவும் இல்லை. மருத்துவர் பார்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். இரட்டையில் சின்னதாகப் பிறந்து, தாய் முதல் குட்டியை நக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நனைந்து கிடந்ததற்கு ஒரு குறையும் கிடையாது. நேரத்துக்குச் சூடு கிடைத்தால் அடுத்த வாரமே மற்றதோடு சேர்ந்து முட்டி விளையாடும். இரண்டையும் ஒரே பெயர் சொல்லித் தள்ளிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நஞ்சு விழும் வரை கன்றை விடக் கூடாது என்பதையோ கேட்கவே கேட்காதீர்கள். மாட்டின் கருப்பையில் தாயிடமிருந்து கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சத்து போவதில்லை. அத்தனையும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை அப்படியே ரத்தத்துக்குள் விடுகிற மாதிரி கன்றின் குடல் திறந்திருப்பதும் முதல் நாள் மட்டும்தான். அதிலும் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். 25 கிலோக் கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் போக வேண்டும், பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள். கன்று காம்பைச் சப்பும்போது தாய் உடம்பில் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். நஞ்சு சீக்கிரம் விழ அதுவே உதவி. பெரியவர் எதற்குப் பயந்து கன்றைத் தள்ளிக் கட்டச் சொல்கிறாரோ, அதற்கு மருந்தே கன்றின் வாயில்தான் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரமாகியும் விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையால் இழுக்க வேண்டாம். பழைய செருப்பு, கல் என்று எதையும் தொங்கவிடவும் வேண்டாம். விழுந்த நஞ்சைக் கீழ்நாட்டில் வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவார்கள். உங்கள் உயரத்தில் ஆலமரத்துக்கு எங்கே போவது? ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மேலாகப் போட்டால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். கன்றின் தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் முழுதாக நனைக்க மறக்காதீர்கள்.

கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை நிறுத்திவிடுகிற பழக்கமும் உங்கள் பக்கம் இருக்கும். பாலை நிறுத்த வேண்டாம். கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுவதுதான். இரண்டு பால் வேளைக்கு நடுவில், பாலோடு கலக்காமல், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதே வாய் விஷயம் என்பதால். மாடு கன்று போட்ட ஓரிரு நாளில் கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் சூடு இருக்காது. ரத்தத்தில் கால்சியம் இறங்கிப் போயிருக்கும். யாராவது மூங்கில் குழாயில் கஷாயத்தோடு வருவார்கள். விழுங்க முடியாத மாட்டுக்கு அதை ஊற்றினால் உங்கள் குட்டிக்கு நடந்ததேதான் நடக்கும். நரம்பில் மெதுவாக ஏற்றுகிற கால்சியம்தான் அதற்கு வைத்தியம். மாட்டை நெஞ்சு ஊன்றி உட்கார வைத்து, சாய்ந்துவிடாமல் சாக்கு மூட்டை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு 1962க்குப் போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் அது.

இதைவிட மோசமானது, மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு, தண்ணீர் இறங்காமல், கட்டைக் குரலில் கத்திக்கொண்டிருப்பது. தொண்டையில் கிழங்கு சிக்கிவிட்டது என்று நினைத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். உருளைக்கிழங்குக் காட்டில் கிழங்கு சிக்குவதும் உண்டுதான். ஆனால் வெறிநோய் கண்ட மாடும் அப்படியே நிற்கும். அந்த எச்சில் கையில் ஒரு கீறலில் பட்டால் போதும். கையை விடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஏற்கெனவே பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி ஆரம்பித்துவிட வேண்டும். எங்கள் குன்னூரில் 1907லேயே பாஸ்டர் நிலையம் வந்தது இந்த நோய்க்காகத்தான். அப்படியிருந்தும் இங்கேயே மாட்டு வாயில் கை விடுகிறவர்களைப் பார்க்கிறேன்.

அடிபட்டவற்றைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. குட்டிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் நன்றாகவே கூடும். பஞ்சு சுற்றி, நெடுக்கில் பிளந்த பிவிசி குழாயை வைத்துக் கட்டுவார்கள். குட்டி வளர்கிற வேகத்தில் கட்டு இறுகிவிடும், குளம்புப் பக்கம் வீங்குகிறதா என்று தினம் பார்க்க வேண்டும். நாயோ சிறுத்தையோ கடித்த பல் துளை மேலே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். உப்புத் தண்ணீரால் நிறையக் கழுவுங்கள், துளையின் வாயை மூடித் தைக்கச் சொல்லாதீர்கள். ஆடுகளுக்கு இசிவு நோய் (டெட்டனஸ்) எளிதில் வரும், அதற்கான ஊசியைக் கேட்டுப் போடுங்கள். வலி ஊசி போடும்போது என்ன மருந்து என்றும் கேளுங்கள். டைக்ளோஃபினாக்கை 2006லும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக்கை 2023லும் கால்நடைகளுக்குத் தடை செய்துவிட்டார்கள். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்கிற பாறு கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. எங்கள் மலைக்கு வடக்கே மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மெலாக்சிகாம் கேட்டால் மாட்டுக்கும் வலி குறையும், கழுகுக்கும் கேடில்லை.

தோட்டத்து ஓரத்தில் கேளையாட்டு (குரைக்கும் மான்) குட்டியோ கடமான் குட்டியோ தனியாகப் படுத்திருப்பதை மகள் என்றைக்காவது பார்த்துவிட்டு ஓடி வருவாள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். நாயைக் கட்டிவிட்டு எல்லோரும் விலகி வந்துவிடுங்கள். ரத்தம் தெரிந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குத் தூக்கி வந்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், மாட்டுப் பால் கொடுத்தால் கழிச்சல்.

உங்களுக்குப் பக்கத்திலேயே மன்னவனூரில் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பனியில் குட்டி வளர்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். பெரியவரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். கன்று கால் மடங்கி வந்தால் அந்த நேரத்தில் வேலி தாண்டி வரப்போவது அவர்தான்.

மாடு கன்று போட்டதும் சீம்பாலுக்குப் பாத்திரத்தோடு ஆள் வரும். கன்று வயிறு நிறையட்டும். பிறகு முதல் பீய்ச்சலில் ஒரு லிட்டரைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், மாதக்கணக்கில் கெடாது. ஆட்டுக்குச் சுரக்காத ராத்திரியில் குட்டிக்கு மாட்டுச் சீம்பாலும் ஆகும். எடுக்கும்போது கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை வைத்து இளக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்து கட்டியாகிவிடும், அப்புறம் அது சர்க்கரை போட்டு நாம் தின்னத்தான் ஆகும்.