நிறுவிய நிரல் ஏன் ஓடவில்லை? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மேக் கணினியில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாக ஒரு நிரலை நிறுவினேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சன்னலில்) அதன் பெயரைத் தட்டினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை.

பதில்: நான்காம் முறை நிறுவ வேண்டாம். நிரல் உங்கள் கணினியில்தான் இருக்கிறது; தட்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்கு அதன் இடம் தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும் ஷெல் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. 'பாத்' என்ற மாறியில் எழுதியிருக்கும் கோப்புறைகளை மட்டும், எழுதியிருக்கும் வரிசையிலேயே பார்க்கிறது. முதலில் கிடைப்பதை இயக்கும். எதிலும் கிடைக்காவிட்டால் கைவிரித்துவிடும்.

அந்த மாறியை எக்கோ கட்டளையால் அச்சிட்டுப் பாருங்கள். முக்காற்புள்ளியால் பிரித்த கோப்புறைகள் ஒரே வரியில் வரும். இன்டெல் மேக்குகளில் ஹோம்ப்ரூ '/யூஎஸ்ஆர்/லோக்கல்' என்ற இடத்தில் நிறுவும். அதன் 'பின்' கோப்புறை அந்தப் பட்டியலில் முன்பே இருக்கும். 2020 முதல் வரும் ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சில்லு) மேக்குகளில் இடம் '/ஆப்ட்/ஹோம்ப்ரூ'. இதை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கான வரிகளை ஹோம்ப்ரூ தன்னை நிறுவி முடித்ததும் 'நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்' என்ற தலைப்பின் கீழ் அச்சிடுகிறது. திரையில் ஓடும் நீண்ட எழுத்துக் குவியலின் கடைசியில் இருப்பதால் பலர் படிக்காமலே சன்னலை மூடிவிடுகிறார்கள். அந்த வரிகளை இயக்கிவிட்டுப் புதிய டெர்மினல் திறந்தால் நிரல் ஓடும்.

கேள்வி: டெபியன் லினக்ஸில் 'பேட்' என்ற, கோப்புகளைத் திரையில் காட்டும் நிரலை நிறுவினேன். 'பேட்' என்று தட்டினால் எதுவும் இல்லை என்கிறது.

பதில்: 'பேட்கேட்' என்று தட்டுங்கள். பேட் என்ற கட்டளைப் பெயரை வேறொரு பேக்கேஜ் (நிறுவும் பொதி) முன்பே வைத்திருந்ததால் டெபியன் இப்படி மாற்றியது. பேக்கேஜின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை: தேடல் கருவியான ரிப்கிரெப்பை நிறுவினால் 'ஆர்ஜி' என்றுதான் கூப்பிட வேண்டும். ஊகிக்கத் தேவையில்லை. டெபியனின் டிபிகேஜி கட்டளையோடு '-எல்' (பெரிய எழுத்து) சேர்த்து பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால், அது வைத்த கோப்புகள் அத்தனையும் வரும். அவற்றில் '/பின்/' உள்ள வரியைப் பாருங்கள். அதன் கடைசிச் சொல்தான் நீங்கள் தட்ட வேண்டியது.

கேள்வி: புதிய பதிப்பை நிறுவிய பிறகும் பழையதே ஓடுகிறதே?

பதில்: இரண்டும் இருக்கின்றன, பாத் பட்டியலில் முந்தி நிற்பது பழையது. 'டைப் -ஏ' என்று தட்டி நிரலின் பெயரைக் கொடுத்தால், எங்கெங்கே இருக்கிறதென்று வரிசையாகச் சொல்லும். புதியதே முதலில் வந்தும் பழையது ஓடினால், பாஷ் என்ற ஷெல் முன்பு கண்ட இடத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். 'ஹாஷ் -ஆர்' அதை மறக்கச் செய்யும்.

கேள்வி: எனக்கு ஓடும் நிரல், நிர்வாகி உரிமையோடு இயக்க முன்னால் சூடோ போட்டால் ஓடவில்லை.

பதில்: பல லினக்ஸ் அமைப்புகளில் சூடோ உங்கள் பாத் பட்டியலை விட்டுவிட்டுத் தனக்கென வரையறுத்த பட்டியலையே பயன்படுத்துகிறது. பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. நிரலின் முழுப் பாதையையும் கொடுங்கள்.

கேள்வி: ஃபிளாட்பாக் என்ற லினக்ஸ் நிறுவும் முறை வழியாக நிறுவிய கிம்பை (படம் திருத்தும் நிரல்) டெர்மினலில் எப்படித் திறப்பது?

பதில்: 'ஃபிளாட்பாக் ரன் ஆர்க்.கிம்ப்.கிம்ப்'. கடைசிச் சொல் முழுவதும் பெரிய எழுத்து.

கேள்வி: டெபியன் 12-இல் பைதான் நிரல்களை நிறுவும் பிப் எதையும் நிறுவ மறுக்கிறது. 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். அந்த விருப்பத்தின் பெயரே எச்சரிக்கை. இயங்குதளத்தின் கருவிகள் சில அதே பைதானையும் அதே நூலகங்களையும் நம்பி ஓடுகின்றன. நீங்கள் வேறொரு பதிப்பைத் திணித்தால், இன்று உங்கள் நிரல் ஓடும், நாளை வேறெதுவோ உடையும். காரணம் தேடி ஒரு நாள் முழுவதும் போகும். நானும் அப்படி ஒரு நாளை இழந்திருக்கிறேன். பிப்எக்ஸ் என்ற கருவியை டெபியனின் சொந்த நிறுவியான ஏப்டி வழியாக நிறுவி, நிரலை அதன்மூலம் நிறுவுங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் அது தனிச் சூழல் அமைத்து, கட்டளையை மட்டும் உங்கள் முகப்புக் கோப்புறையின் '.லோக்கல்/பின்' இடத்தில் வைக்கும். அந்த இடம் பாத் பட்டியலில் இல்லையென்றால் 'பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத்' என்று ஒருமுறை தட்டிவிட்டு, டெர்மினலை மூடித் திறங்கள்.