கடலோர நகராட்சி என்றால் என்ன? கடலும் அதன் பொறுப்பில் வருமா?

கடற்கரையை ஒட்டிய ஊரில் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, வீட்டு வரி ஆகியவற்றைக் கவனிக்கும் உள்ளாட்சி அமைப்பே கடலோர நகராட்சி. வார்டு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் தங்களுள் ஒருவரைத் தலைவராக்குகின்றனர். ஆணையரை அரசு நியமிக்கிறது.

மதுரையிலிருந்து பலரும் அடிக்கடி சென்றுவரும் இராமேசுவரத்தையே பாருங்கள். பாம்பன் தீவில் அமைந்த அந்நகரில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45,000 பேர் வசித்தனர்; பலருக்கு மீன்பிடியும் யாத்திரிகர் வரவுமே பிழைப்பு. ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் நீராடுவோர் விட்டுச்செல்லும் ஈரத் துணிகளை அள்ளுவது உள்ளூர்த் துப்புரவுப் பணியாளர்கள்தாம். ஆனால் அக்கூட்டத்தில் பெரும்பாலோர் அவ்வூருக்கு வீட்டு வரி செலுத்துவோர் அல்லர். இத்தகைய ஊர்களின் நிதி நெருக்கடிக்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

கடலோ, கரையோ நகராட்சியின் சொத்து அல்ல. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறும்போது கரையில் எட்டும் எல்லை) நிலப்பக்கமாகப் பொதுவாக 500 மீட்டர் வரையிலான கட்டுமானங்களை, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஒரு நகராட்சி விதிக்கு அடுத்த ஊர் கட்டுப்படாது. அலையும் மணலும் மீனும் ஊர் எல்லை பார்ப்பதில்லை என்பதால், அதிகாரம் நகராட்சிக்கு மேலுள்ள அரசுகளிடம் வைக்கப்பட்டுள்ளது. மதுரைக்குள் ஓடும் வைகையும் அப்படித்தான்: கரையோரக் குப்பையை மாநகராட்சி அள்ளும், அணையைத் திறப்பதோ நீர்வளத் துறை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருப்பது நகராட்சி போட்ட தடை என்று பலர் நினைக்கின்றனர்; அந்த 61 நாள் தடை அரசின் ஆணை, அதை நடைமுறைப்படுத்துவது மீன்வளத் துறை.