காத்து முதுகுல இருக்கட்டும்

கேள்வி: ஆகஸ்ட் மாசம் இங்கிலாந்துல போர்ன்மவுத்ல இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போறேன். கடலோரமாவே ஒரு நாள் முழுக்க நடந்து ஹெங்கிஸ்ட்பரி ஹெட்ங்கற கடலோரக் குன்று வரைக்கும் போலாம்மாங்கறா. எனக்கு வயசு 58, முட்டி வலி வேற. என்னால முடியுமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முடியும்க்கா, தைரியமா போங்க. நான் என் தம்பி வீட்டுக்குப் போனப்ப நடந்த வழிதான் அது. போர்ன்மவுத் பியர்னு கடலுக்குள்ள நீட்டிக் கட்டுன பாலம் இருக்கு, அங்க ஆரம்பிங்க, எட்டு கிலோமீட்டருக்கு மேல வரும், ஆனா முக்கால்வாசி சமமான சிமென்ட் நடைபாதை, நம்ம கிருஷ்ணகிரி கோட்டை மலைப்படி மாதிரி கிடையாது. அந்தப் பக்கம் காத்து பெரும்பாலும் தென்மேற்குலருந்துதான் அடிக்கும், அதனால மேற்குலருந்து கிழக்கா நடந்தா காத்தே முதுகப் புடிச்சு தள்ளிவிடும், பொண்ணு எதிர்ப்பக்கமா கூப்பிட்டா ஒத்துக்காதீங்க.

மணல்ல எறங்கி நடக்காதீங்க, முட்டி போயிரும். செங்குத்தா நிக்கற பாறைக்கு அடியில உக்காந்து சாப்பிடறதும் வேணாம், அது பாறையே இல்ல, மணலும் களிமண்ணும்தான். 2016 ஏப்ரல்ல அந்த வழியில ஈஸ்ட் கிளிஃப்ங்கற இடத்துல அப்படித்தான் சரிஞ்சு அங்க இருந்த கழிப்பறை மேலயே விழுந்துச்சு.

கடைசியில வர்ற ஹெங்கிஸ்ட்பரி ஹெட்டுக்காக தெம்பை மிச்சம் வைங்க. சுமார் 36 மீட்டர் உயரந்தான், மெதுவா ஏறிரலாம். மேல ஹீத்னு சொல்ற புதர்க்காடு, மரமே அதிகம் இல்லாம முட்டி உயரத்துக்கு செடி, ஆகஸ்ட்ல அது முழுக்க ஊதாவா பூத்துக் கிடக்கும், அந்தப் பக்கம் கடலுக்கு நடுவுல ஐல் ஆஃப் வைட் தீவும் அதோட வெள்ளப் பாறைகளும் தெரியும், எனக்கு அங்கருந்து கிளம்பவே மனசு வரல. நம்ம பக்கம் கிரானைட்டுக்காக வெட்டுன மலைங்களப் பாத்திருப்பீங்க இல்ல, அங்கயும் 19-ஆம் நூற்றாண்டுல மலையடியில கிடந்த இரும்புக்கல்ல அள்ளிட்டுப் போயிட்டாங்க, அலையத் தடுத்ததே அந்தக் கல்லுதான், அது போனதும் கரை கரையா கடல் தின்னுருச்சு. பிறகு கடலுக்குள்ள நீளமா தடுப்பு கட்டுனாங்க. அதனால பாதைய விட்டு விளிம்புப் பக்கம் போகாதீங்க, பொண்ணு போட்டோ எடுக்கக் கூப்பிட்டாலும்.

வெயில் அடிச்சாலும் ஸ்வெட்டர் ஒண்ணு, மழைக்கு ஒரு ஜாக்கெட், புளிசோறு கட்டிக்கங்க. திரும்ப நடக்க வேணாம், குன்றைத் தாண்டி எறங்குனா வர்ற மணல்திட்டுலருந்து கார் பார்க்கிங் வரைக்கும் சின்ன ரயில் மாதிரி ஒரு வண்டி ஓடுது, அதுல ஏறி உக்காந்துக்கங்க. கடைசி வண்டி எத்தன மணிக்குன்னு மட்டும் காலையிலயே பொண்ணைக் கேட்டு வைக்கச் சொல்லுங்க.